எட்டாவது குழி

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன்:
மூன்று கிராமுக்குச் சற்று மேல்.
அரைப் பவுன்கூட இல்லை.
கோத்தகிரிக் கடைவீதியில் இதைப் போய்
தங்கம் வாங்கினேன் என்றால் சிரிப்பார்கள்.
சொன்னதில்லை.

சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் ஆக்னஸ்
லீவுக்கு வரும்போது ஒன்று கொண்டுவருவாள்.
முதல் வருஷம் எலி. நாலாயிரம் ரூபாய்.
அதே மாதம் ஆல்துரை கடையில்
பன்னிரண்டு ரூபாய்க்கு
எலிப்பாஷாணமும் வாங்கினேன்.

பிறகு எருது, புலி, முயல்.
டிராகனுக்கு மட்டும் அங்கே வரிசையாம்,
விலையும் தலைச்சன் பிள்ளைபோல
ஒரு சுற்று கூடுதலாம்.

ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் சிமிழுக்குள்.
தொடக் கூடாது, ரேகை பட்டால் மதிப்புப் போகும்.
பகலெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில்
அடுத்தவர் பறித்த இலைக்கு எடை எழுதும் விரல்கள்
இரவில் மூடிமேல் மட்டும் நடக்கும்.

வெளியே முட்டைக்கோஸ் பாத்தியில்
காட்டுமாடு நிற்கும், மூச்சில் புகை விட்டபடி.
என் எருதுக்குச் சாணம் இல்லை.
வனத்துறைக்கு ஃபோன் செய்யவும் வேண்டாம்.

நாய் வந்த வாரம்
சிறுத்தை எங்கள் டைகரைத் தூக்கிப்போனது.
கொல்லையில் சங்கிலி கிடந்தது.
நாணயத்தை உறையோடு அப்படியே வைத்திருந்தேன்,
பொங்கல்வரை.

ஆட்டை விட்டுவிட்டுத் தாவிவிட்டேன்.

சீனக் கணக்கில் நான் ஆடு.
ஆட்டுக்காரர்கள் சாது,
கையில் காசு தங்காது என்று
எதிலோ படித்துச் சொன்னாள் ஆக்னஸ்.
அந்த ஆவணியில் எனக்குப் பித்தப்பைக் கல்.
கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு
ஏழாயிரம் குறைந்தது.

கேவல்சந்த் சேட்டு நகத்தால் சிமிழைப் பிளந்தார்.
இயந்திரத்தில் வைத்தார், புருவம் உயர்ந்தது.
"சுத்தம். ஆனா உருவத்துக்குக் காசு கிடையாதும்மா.
ஆடானா என்ன, ஆனையானா என்ன."
வாங்கும்போது கம்மலின் பூவுக்குச் செய்கூலி கேட்டவர்
ஆட்டின் கொம்புக்கு ஒன்றும் தரவில்லை.

ஒரு நிமிஷம் கொடுங்க என்றேன்.
அன்றைக்குத்தான் முதன்முதலில் தொட்டேன்.
சில்லென்று இருந்தது.
உடனே என் சூட்டை வாங்கிக்கொண்டது,
இதற்கென்றே காத்திருந்த மாதிரி.

அது இப்போது
யார் மூக்கில் மேய்கிறதோ.

பன்றியோடு பெட்டி நிறைந்தது,
எட்டாவது குழி தவிர.
ஆடு மறுபடி வருமாம், இது வேறு ஆடு,
கொம்பு வேறு மாதிரி.
அந்த விலைக்கு
நிஜ ஆடே மூன்று பிடிக்கலாம்.

நேற்று அலமாரியைத் திறந்தேன்.
மழையில் கதவு உப்பிச் சரியாகச் சாத்துவதில்லை.
பெட்டிக்குப் பின்னால் கொறித்த வெல்வெட்,
சேலை நூல், என் பழைய சம்பளச் சீட்டு,
அதில் நாலைந்து எலிக்குஞ்சுகள்.
ஒன்று மட்டும் எப்படியோ உருண்டு
எட்டாவது குழியில் கிடந்தது,
கண் திறக்காமல், உள்ளங்கை நிறத்தில்.

எடுத்தேன்.
எடை பார்த்துப் பழகிய கை:
மூன்று கிராம் இருக்கும்.

எலிப்பாஷாணம் இப்போது நாற்பது ரூபாய்.
இன்று காலை ஆல்துரை கடை வாசலில்
வேறு ஏதோ வாங்க வந்தவள்போல
கொஞ்ச நேரம் நின்றேன்.