ஒன்பதாம் சுற்று

பதினேழு பெயர்கள். மூன்று நாற்காலி.
தாள் என் முழங்கை வரை நீண்டது.
பென்சிலைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள்.
அயர்லாந்தின் மேற்குக் கரை இது,
காற்றுக்கு எல்லாவற்றையும் கட்டித்தான் வைப்போம்.

கான்லெத் சொல்லி அனுப்பியிருந்தான்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்; தேர்தல் வந்தால்
எண்ணும் மண்டபத்தின் தடுப்புக் கம்பியில் தொங்கியபடி
அதிகாரிகளுக்கு முன்பே முடிவு சொல்கிறவன்.
மீன் ஆலையின் ஐஸ் அறை வாசலில்
சிகரெட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு சொன்னான்:
"அட்ராக்டாவுக்கு ஒன்று போட்டு வீணாக்காதே.
அவள் பாத்திரம் முதல் சுற்றிலேயே வழியும்.
ஒன்றை லோர்க்கனுக்குக் கொடு,
பாவம், மூச்சு முட்டுகிறான்.
அவளுக்கு இரண்டு.
பிறகு நிறுத்தாதே.
நீ நிறுத்துகிற இடத்தில் உன் தாள் சாகும்.
வெறுப்பு வரும்வரை எழுது.
வெறுப்புக்கு மட்டும் வெறும் கட்டம்."

அட்ராக்டா எங்கள் ஊர்த் தாதி.
பிரசவ வார்டை மூட வந்தபோது
வாசலில் நாற்காலி போட்டு
நாற்பது நாள் மழையில் உட்கார்ந்தவள்.
இரண்டு என்று எழுதுகையில் பென்சில் கொஞ்சம் இழுத்தது.
கணக்குத்தானே, என்றேன் அதனிடம்.

மூன்று, ஒரு ஆசிரியை.
நான்கு, சாலைப் பள்ளங்களைத் தவிர வேறெதுவும் பேசாதவர்.
ஐந்து யாரென்றே தெரியாது, முகம் பிடித்திருந்தது.

ஆறு, மாலக்கி.
வீட்டுத் தரகர்.
என் வாடகையை இரண்டு வருடத்தில் மூன்று முறை ஏற்றியவர்.
பல்லைக் கடித்து எழுதியதில் ஆறு வளைந்துவிட்டது.
என்ன செய்ய, மிஞ்சியவர்களில் கோர்மக் இருந்தான்.
யுர்கித்தாவின் கதவிடுக்கில் துண்டறிக்கை செருகிப் போனவன்;
பதினொரு வருடமாக என் பக்கத்தில் நின்று
அயிலை வெட்டுகிறவளைப் பார்த்து
'போ' என்று அச்சடித்தவன்.
லித்துவேனியப் பாஸ்போர்ட், அவளுக்கு இங்கே வாக்கில்லை.
"அவன் பெயரிடம் பென்சிலைக் கொண்டு போகாதே" என்றாள்.
போகவில்லை.

மறுநாள் விளையாட்டு மண்டபம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே கட்டுக் கட்டாகத் தாள்கள்.
முதல் சுற்றில் எந்தப் பாத்திரமும் வழியவில்லை.
ஒவ்வொருவராக விழ விழ
அவரவர் தாள்கள் எழுந்து
கூடு விட்டுக் கூடு பாய்ந்தன.

ஏழாம் சுற்றில் ஒலிபெருக்கி ஒரு பெயர் சொன்னது.
யாருக்கும் காதில் ஏறவில்லை. மறுபடி சொன்னது.
அட்ராக்டா.
லோர்க்கனுக்குப் பதினொரு வாக்கு பின்னால்.
எப்படியும் வந்துவிடுவாள் என்று
ஊரே கெட்டிக்காரத்தனமாக அவளை இரண்டில் வைத்திருந்தது.
அத்தனை இரண்டும் அத்தனை தாளிலும்
முறை வராமல் படுத்திருந்தன.
கான்லெத் பென்சிலைக் காதில் செருகினான், எடுத்தான், செருகினான்.
என் பக்கம் திரும்பவில்லை.

ஒன்பதாம் சுற்றில் லோர்க்கனும் போனான்.
அந்தக் கட்டில் எங்கோ என் தாள்
கதவு கதவாகத் தட்டியிருக்கும்:
இரண்டு, ஆளில்லை. மூன்று, ஆளில்லை.
நான்கு, ஐந்து, விளக்கணைந்த வீடுகள்.
ஆறாவது கதவு திறந்தது.
உள்ளே மாலக்கி, கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி.

முப்பத்திரண்டு வாக்கில் கடைசி நாற்காலி அவருக்கு.
கோர்மக் வெளியே.
கை தட்டினேன்.
அடுத்த வாடகை உயர்வுக்கு நானே தட்டினேன்,
உள்ளங்கை சிவக்க.
யுர்கித்தாவுக்குச் செய்தி அனுப்பினேன்: அவன் இல்லை.
உடனே கேட்டாள்: அப்படியென்றால் யார்?
இன்னும் பதில் எழுதவில்லை.

கார் நிறுத்தத்தில் அட்ராக்டா
மின்கம்பத்திலிருந்து தன் முகத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பிடித்துக் கொடுத்தேன்.
"இரண்டு போட்டேன்" என்றேன், அவள் கேட்காமலே.
"தெரியும். காலையிலிருந்து எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்."
கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல் அளந்து சொல்கிற குரல்.
அட்டையைக் காருக்குள் தள்ளினாள்.
"கயிறு நல்ல கயிறு," என்றாள்,
"உனக்கு எதற்காவது ஆகும்."