மூச்சை இழுத்துப் பிடிங்க

எக்ஸ்ரே அறைச் சுவரில்
யாரோ ஒட்டிவிட்டுப் போன வெளிநாட்டு ஆறு.
இரு கரையிலும் தீப்பிடித்தாற்போல் மரங்கள்,
அசையாத நீரில் அதே தீ.
அதைப் பார்த்து நில்லுங்க, என்பேன்.
மோவாயை மேலே வைங்க.
மூச்சை இழுத்துப் பிடிங்க.
விடுங்க.
ஒரு நாளைக்கு அறுபது நெஞ்சு.
ஒன்பது வருடத்தில் அந்த மரங்களிலிருந்து
ஓர் இலை விழவில்லை.

ஐப்பசியில் எனக்குச் சீட்டு விழுந்தது.
வாஷிங் மெஷின் கடன் போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு
ரிச்சி தெரு.
இம்தியாஸ் ஒரு பழைய காலுறைக்குள்ளிருந்து அதை உருவினான்:
ஐம்பது எம்.எம்., பிளாஸ்டிக் உடம்பு,
கல்யாண வீடியோக்காரர் எவரோ விற்றது.
"உள்ள லேசா பூஞ்சை இருக்குக்கா.
படத்துல வராது."
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
வலது மேல்பக்கம், மிளகளவு.
நுரையீரலாக இருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.
மூவாயிரத்து இருநூறில் இருநூறைக் குறைத்தான்.

மூன்று நாள் மழை ஓய்ந்த ஞாயிறு, காலை ஆறேகால்,
சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே.
ஏரியில் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தார்கள்.
அடையாறு தன் கறுப்பை மறந்து
டீ நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.
ஆகாயத்தாமரைத் திட்டுகள் கடலுக்குக் கிளம்பியிருந்தன,
ஆளுக்கொரு கொக்கை டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொண்டு.
நாற்றம் இருந்தது.
நாற்றம் படத்தில் வராது. அதில் மட்டும் இம்தியாஸ் சரி.

இலையுதிர் காலம் என்று இந்த ஊரில் ஒன்றில்லை.
கூதிர் என்று ஒன்று இருந்தது,
எட்டாம் வகுப்பில், இரண்டு மதிப்பெண்ணுக்கு.
கரையில் ஒரு வாதுமை மரம்,
அத்தனை ஈரப் பச்சைக்கும் நடுவில்
ஒரே ஓர் இலை மட்டும் சிவந்து.

இந்த லென்ஸ் எதையும் கிட்டே இழுக்காது.
காலால்தான் போக வேண்டும்.
போனேன். முழங்கால்வரை சேறு,
ஒரு செருப்பை ஆறு வைத்துக்கொண்டது.
மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தவர்போல
மோட்டார் முன்னும் பின்னும் முனகித் தேடி
கடைசியில் இலையின் நரம்பைப் பிடித்தது.
துளையை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன்.
இலைக்குப் பின்னால் உலகமே வெண்ணெய்.
அப்பாடா, சுவரில் இருப்பதைவிட அழகு.

இடுப்பளவுத் தண்ணீரில் வீச்சு வலையோடு நின்றவர்
கரையேறி எட்டிப் பார்த்தார்.
பெயர் தேசிங்கு. பையில் நாலு ஜிலேபி மீன்.
"இன்னா விலை இது?"
"மூவாயிரம்."
"நம்ம வலையும் அவ்ளோதான்."
திரையைக் காட்டினேன்.
"எல சோக்கா கீது. பின்னாடி இன்னா ஒரே பொகை?"
அப்படி இருந்தால்தான் அழகு, என்றேன்.
"அங்கதாம்மா எங்க வூடு இருந்திச்சு."

பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாராம்,
ஞாயிறு தவறாமல்.
அங்கே எட்டாவது மாடி. தண்ணி வருது, ஆறு வரலை.

துளையைச் சுருக்கினேன். எட்டு. பதினொன்று.
புகை விலகியது:
நீலம் பூசிய ஒரு பாதிச் சுவர்,
அதில் இன்னும் ஒரு ஆணி,
எங்கும் போய்ச் சேராத ஐந்து படிக்கட்டு.
வெளிச்சம் போதவில்லை, கை ஆடியது.
மூச்சை இழுத்துப் பிடி, என்றேன், எனக்கு.
தேசிங்கு அந்தச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்,
மோவாயைக் கொஞ்சம் மேலே தூக்கி,
யாரும் சொல்லாமலே.

திங்கட்கிழமை,
தீப்பிடித்த மரங்களுக்குக் கீழே
தபாலட்டை அளவில் என் ஆற்றை ஒட்டினேன்.
யாரும் கவனிக்கவில்லை.
மதியத்துக்கு மேல் இருமிக்கொண்டே வந்த அம்மாள் மட்டும்
சட்டத்தில் நெஞ்சைப் பொருத்தியபடி கேட்டார்:
"ஆத்துக்கு மேல இது இன்னாமா புள்ளி? நெலாவா?"
பூஞ்சைம்மா, என்றேன்.
படத்துல வரும்.