அளவுக்கு மேல்

ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி
யாரும் என்னைக் கேட்கவில்லை.
தாள் ஒன்று இருந்தால் கிலோவுக்கு நாற்பது கூடத் தருவேன்
என்றான் சென்னைக் கடைக்காரன்.
அதற்காகத்தான்.

தாள் வந்தது.
காட்மியம், ஈயம், குரோமியம்.
மூன்றுக்கும் எதிரே
சாய்வெழுத்தில், மரியாதையாக:
அளவுக்கு மேல்.

மேல்விஷாரம் தாண்டி
பாலாற்றை ஒட்டி என் கொட்டகை.
வைக்கோல் தயாளன் நிலத்தது.
தோல் ஷெட் மூடிப் பதினோரு வருஷம் ஆகியும்
மழை விட்ட மறுநாள்
அவன் கிணறு மஞ்சளாய்த்தான் ஊறும்.
பார்த்திருக்கிறேன்.
வைக்கோல் பொன்னாய் இருந்தது,
கட்டுக்கு இருபது ரூபாய் குறைவு.

ஒரு மணி நேரம் வெந்நீரில் வேகவைத்தேன்.
புழு செத்தது, பூஞ்சணம் செத்தது,
சாகக்கூடியதெல்லாம் செத்தது.
உலோகத்துக்கு உயிரே கிடையாது,
எதைக் கொல்ல?

காளானுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது.
தொட்டதை உறிஞ்சிக்கொண்டு
சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி
வெள்ளைவெளேரென்று விரியும்.

முதல் அறுவடையில்
ஏழு மாசமாயிருந்த நாத்தனார் பல்கீஸுக்கு
வாரம் இரண்டு பாக்கெட்.
"கறி மாதிரியே இருக்கு மச்சி."
பிள்ளை பிறந்துவிட்டது. நன்றாகத்தான் அழுகிறது.
நன்றாகத்தான், நன்றாகத்தான் என்று
எனக்கு நானே எத்தனை தரம்.

வேலூருக்குப் போய், சீட்டு போட்டு,
நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன்.
இரண்டு மாசத்தில் ஒன்றும் தெரியாதாம்.
சேரச் சேரத்தானாம்.
சிறுநீரகத்தில் குடியேறினால்
இருபது வருஷம் காலி பண்ணாதாம்.

கடைக்காரன் நேற்றும் அழைத்தான்.
"தாள் வந்துச்சா?"
"வரலை."
பொய்தான்.
இன்னொரு பொய் சொல்லியிருந்தால்
நாற்பது ரூபாய் கூடக் கிடைத்திருக்கும்.

நூற்றிருபது படுக்கைகளையும் அறுத்துப் போட்டேன்.
போட்டுவிட்டு நின்றேன், எங்கே கொட்ட?
மாட்டுக்கு வைக்க முடியாது.
எரித்தால் சாம்பலில் இருக்கும்.
எருவாக்கினால்
தயாளன் நிலத்துக்கே திரும்பிப் போகும்.
கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி
தார்ப்பாய் விரித்துப் புதைத்தேன்.
கைலாகு கொடுக்க ஆளில்லை,
இருட்டும்வரை ஆனது.

போன வியாழன் நல்ல மழை.
விடிந்து போய்ப் பார்க்கிறேன்:
மண்ணைத் தள்ளிக்கொண்டு
ஒரு கொத்து,
நான் விற்ற எதைவிடவும் அழகாய்.

பக்கத்து வீட்டு ஆடு
முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு
அதை நோக்கி வந்துகொண்டிருந்தது.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.