ஒன்பது கட்டம்

பன்னிரண்டு கட்டத்தில் மூன்று செத்த காரைத்
தெரிந்துதான் வாங்கினேன்.
யப்பானில் எவரோ பனிக்குள் ஓட்டிக் கழித்துவிட்டது.
பொனெற்றைத் திறந்து பார்த்துவிட்டு,
"எஞ்சினும் இல்ல, ஒண்டும் இல்ல,
என்னத்தப் பாத்து விலை பேசின நீங்க?"
என்றார் அக்கரைப்பற்று ஜெஸீல்.
அவருடைய டீசல் வேனுக்கு இருபத்தாறு வயது.
கட்டம் ஏதும் குறையவில்லை,
புகைதான் கூடியிருக்கிறது.

வாரத்தில் நாலு நாள்
பொத்துவிலிலிருந்து கல்முனை ஆய்வுகூடத்துக்கு
இரத்தம் கொண்டுவருகிறேன்.
எழுபது கிலோமீற்றர். பின்சீற்றில் ஐஸ்பெட்டி.
ஊதா மூடி, சிவப்பு மூடி, சாம்பல் மூடி.
மயிலிப்போடியின் சீனி,
பேறுகாலத்துக்கு நிற்கும் பர்வினாவின் இரும்புச்சத்து,
பெயரை மறைக்கச் சொன்ன ஒருவரின் ஒன்று.

காருக்குள் இரண்டு கரைகின்றன:
ஐஸ், சார்ஜ்.
ஏசி போட்டால் ஒன்று பிழைக்கும், மற்றது சாகும்.
கண்ணாடியை இறக்கி
உப்புக்காற்றில் நான் கரைகிறேன்.

கிளினிக்கின் பின்சுவரில் ஒரு பிளக்.
ஊசி குத்தி அவர்கள் எடுக்கிற மூன்று மணித்தியாலமும்
கார் சுவரோடு ஒட்டி நின்று குடிக்கும்.
பூனைக்குட்டி மாதிரி, சத்தமில்லாமல்.

கரண்ட் நின்ற புதன்கிழமை
திரையில் முப்பத்தொன்று என்று இருந்தது.
திருக்கோவிலுக்குக் கிட்டத்தட்ட முப்பது.
அந்த ஒன்றை நம்பி வெளிக்கிட்டேன்.

சங்கமன்கண்டியில் ஆனை.
றோட்டின் நடுவே, பின்புறத்தைக் காட்டிக்கொண்டு.
லைற்றை அணைத்தேன்.
பெற்றோல் வண்டி என்றால் உறுமிக்கொண்டே எரிக்கும்,
இதற்கு நிற்பதற்குச் செலவில்லை.
அது ஒரு பாலைக் கொப்பை முறித்துத் தின்று முடிக்கும்வரை
முப்பது முப்பதாகவே இருந்தது.
பெட்டிக்குள்தான் தண்ணீர் ஆடியது.

எனக்கு மறக்கவில்லை
கியூ நின்ற அந்த வருசம்.
நாலு நாள் ஷெட் வாசலில்,
கையில் கியூஆர் அட்டை, தாங்கியில் காற்று.
அப்போது என்னிடம் பெற்றோல் வண்டி.
முப்பத்தெட்டுக் குழாய் வெயிலில் கெட்டது.
முப்பத்தெட்டுப் பேருக்கும் நானே போன் எடுத்து
திரும்ப வாங்க, திரும்பக் குத்தவேணும் என்றேன்.
ஒருவரும் ஏசவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

திருக்கோவில் ஐஸ் வாடிக்குள் நுழைந்தபோது
திரையில் எண் இல்லை, இரண்டு கோடு மட்டும்.
அங்கேயும் கரண்ட் இல்லை.
ஆனால் மீனுக்கு ஐஸ் வேண்டும்,
ஐஸுக்கு ஜெனரேற்றர் ஓடியது,
கறுத்துக் கக்கிக்கொண்டு.
வயரை இழுத்துத் தந்த யோகவரதன்
காரைப் பார்த்தார், ஜெனரேற்றரைப் பார்த்தார்.
"மறுகா, இது இப்ப டீசல் காரா, கரண்ட் காரா?"

பதில் இருந்தால் சொல்லியிருப்பேன்.
நுரைச்சோலையில் எரிகிற கரியும் எனக்குத் தெரியும்.
ஆய்வுகூடக் கூரையில் வெயில் தகடு போட்டால்
தவணை எத்தனை வருசம் என்றும் தெரியும்.
புது பற்றரியின் விலை தெரியும்,
அது கார் வாங்கிய காசைவிடக் கூட.
"ரெண்டும்தான்" என்றேன்.
இரண்டு சுத்தியல் அடியில் ஒரு ஐஸ் துண்டை உடைத்து
பெட்டிக்குள் போட்டார். காசு வாங்கவில்லை.

ஒரு குழாய் மட்டும் பழுது. மயிலிப்போடியுடையது.
அவர் அடுத்த புதனும் கையை நீட்டினார்.

மாரிக்குள் எட்டுக் கட்டமாகும்.
எட்டோடும் ஓடலாம், நடுவில் ஒரு பிளக் இருந்தால்.
கோமாரியில் தேத்தண்ணிக்கடை போட்டிருக்கிற
சதானந்தியிடம் கேட்டிருக்கிறேன்.
மாசம் எவ்வளவு யுனிற் ஏறும் என்று
விரலில் எண்ணிப் பார்த்தாள்.
பிறகு கடன் கொப்பியை விரித்துக் கேட்டாள்:
"உங்கட கணக்க எப்பிடி எழுத கா,
தேத்தண்ணி எண்டா?"