மூன்றாம் மாடி, நாலாம் வரிசை

காலை ஏழு மணிக்கே கீழக்கரை முக்குரோட்டில் நின்றோம்.
பிரிசில்லாவுக்குப் பாம்பன்தான் வீடு.
நாங்களே அங்கு வருகிறோம், வழியில் ஏறிக்கொள் என்றதற்கு
"பாதிப் பேச்சு போயிருமே" என்று
இருட்டோடு பஸ் பிடித்து எதிர்த்திசையில் வந்துவிட்டாள்,
வந்த வழியே திரும்பிப் போக.

நஸ்ரின் குவாங்சோவிலிருந்து வந்து ஒன்பது நாள்.
அவள் குடைக்கு உள்ளே இன்னொரு கறுப்புத் துணி.
வெயில் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு எங்கள் மேல் விழுந்தது.
எனக்கு இன்னும் சம்பளம் ஏறவில்லை.
பர்சில் ஆயிரத்து இருநூறு,
அதில் ஐந்நூறு டீசலுக்கென்று மடித்து வைத்தது.

பாலத்தில் வண்டி நிறுத்தக் கூடாதாம்.
எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.
இந்தப் பக்கம் வடகடல் கண்மாய்போல் கிடக்க
அந்தப் பக்கம் தென்கடல் யாரோடோ சண்டையில் இருந்தது.
"எங்க ஊர்ல ராத்திரியானா பாலம் முச்சூடும் லைட்டு போடுவாங்க"
என்றாள் நஸ்ரின்.
"எந்த ஊரு புள்ள?"
பிரிசில்லா சும்மாதான் கேட்டாள்.
காற்று முக்காட்டைத் தூக்கி நஸ்ரினின் வாயில் அடைத்தது.
அதை எடுக்க அவள் அவசரப்படவில்லை.

தனுஷ்கோடியில் சீலா வறுவல் துண்டு இருநூறு.
எந்த வள்ளத்து மீன் என்று பிரிசில்லா சரியாகச் சொன்னதும்
நூற்றிருபதாக இறங்கியது.
மணலில் என் செருப்பு வார் அறுந்தது.
மீதி நாள் முழுக்க ஊக்கு குத்தி நடந்தேன்,
எந்தப் படத்திலும் என் கால் இல்லை.

பிறகு சிப்பிக் கடை.
பதினோராம் மாடியில் பக்கத்து வீட்டு லின்னுக்கு
ஏதாவது வாங்க வேண்டும் நஸ்ரினுக்கு.
காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள்,
தன் வீட்டுச் சட்டி ஆகாது என்று
அதற்கெனப் புதுச் சட்டி வாங்கியவள்.

சிப்பியில் மயில், சிப்பியில் கண்ணாடி, சிப்பியில் டால்பின்.
ஒரு விளக்கை எடுத்தாள் நஸ்ரின்.
நெற்றியில் ஊர்ப் பெயர், தங்க எழுத்து.
கவிழ்த்துப் பார்த்தாள், பழக்கதோஷம்.
அடியில் ஓர் ஒட்டுத்தாள், எட்டு எண்கள்.
"அட, மூணாம் மாடி, நாலாம் வரிசை!
சூரியகாந்தி விதை கொறிச்சுக்கிட்டே விப்பாளே, அவ கடை."
கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.
"சிப்பி நம்ம கடல்துதான்க்கா. ஒட்டுனது மட்டும் அங்க."

நான் எழுத்தைப் படித்தேன்.
ராமேஸவரம்.
ஸ-வுக்குப் புள்ளி இல்லை.
அடுத்த விளக்கிலும் இல்லை. அலமாரி முழுக்க இல்லை.
சிரிக்கத் தொடங்கிய எங்களோடு நஸ்ரின் சிரிக்கவில்லை.
"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அந்தப் பொம்பள
ஒரு அட்டையக் காட்டி, ஒங்க பாசைதானே, சரியா இருக்கான்னு கேட்டா.
மகன் பள்ளிக்கூடம் விடுற நேரம்.
ம்ம்னுட்டு ஓடிட்டேன்."

யாரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
அப்புறம் பிரிசில்லாவால் அடக்க முடியவில்லை,
அலமாரியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்,
சிப்பிகளெல்லாம் கலகலத்தன.

முந்நூற்றைம்பது சொன்னதை இருநூற்றிருபதுக்கு முடித்தாள் நஸ்ரின்.
அங்கே அதன் விலை என்னவென்று அவள் சொல்லவில்லை,
கேட்கவும் நாங்கள் விரும்பவில்லை.
நானும் ஒன்று வாங்கினேன், டீசல் காசில்.
நஸ்ரின் பையிலிருந்து கண்மைப் பென்சிலை எடுத்து
இரண்டு விளக்கிலும் புள்ளி வைத்தாள் பிரிசில்லா,
பிள்ளைக்குத் திருஷ்டிப்பொட்டு வைப்பதுபோல
நாக்கைக் கடித்துக்கொண்டு.

பாம்பனில் அவள் இறங்கியதும் வேன் பெரிதாகிவிட்டது.
டிரைவர் டீசலைப் பற்றி இரண்டு முறை இருமினார்.
உச்சிப்புளி வருவதற்குள் புள்ளி அழிந்துவிட்டது.
நஸ்ரின் தூங்கிவிட்டாள்.
அவள் மடியிலிருந்த விளக்கில் சுவிட்சு லூசு,
ஒவ்வொரு வேகத்தடையிலும்
தானாக எரிந்து
தானாக அணைந்தது.