எதிர்பார்த்தவை பதினைந்து

ஹாமர்ஃபெஸ்ட் முதியோர் இல்லத்தில் மணி மூன்று பத்து.
மருந்து அலமாரியை ஒட்டிய கணினியில்
ரிஸ்தின் விரிதாளைத் திறக்கிறாள்.
சன்னலுக்கு வெளியே இந்த மூன்று பத்துக்கும்
மதியத்து மூன்று பத்துக்கும் ஒரே நிறம்.
ஜனவரி.
சூரியனுக்கு இன்னும் ஒன்பது நாள் விடுப்பு பாக்கி.

"இரவுப் பணியில்தான் விழுகிறார்கள்" என்றாள்
நிர்வாகி ஹால்டிஸ், திங்கட்கிழமைக் கூட்டத்தில்,
யாரையும் பார்க்காமல்.
இரவுப் பணிக்கு இருப்பதே இரண்டு பேர்.
அன்று ஒருத்தி வந்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு நாற்பத்தைந்து முறை விழுந்திருக்கிறார்கள்.
காலை பதினான்கு, மாலை பதினொன்று, இரவு இருபது.
இவை கண்டவை என்கிறது உதவிப் பக்கம்.
பக்கத்து நெடுவரிசையில் எதிர்பார்த்தவற்றை எழுது:
பதினைந்து
பதினைந்து
பதினைந்து.
எழுதிவிட்டு விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.
இத்தனை பேர் விழுவார்கள் என்று
இங்கே யார் எதிர்பார்த்தது?

கழி. வர்க்கமாக்கு. வகு. கூட்டு.
நாலு குறைந்தாலும் பதினாறு, நாலு கூடினாலும் பதினாறு,
அது மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் தடவை மொத்தத்தையும் சேர்த்து இழுத்துவிட்டாள்.
0.42.
சந்தோஷமாக இருந்தது,
அதனாலேயே திரும்பிப் பார்த்தாள்.
அடுத்த தடவை கட்டம் முழுக்க வேலி: #####
எண் உள்ளேதான் இருக்கிறது,
நெடுவரிசைதான் குறுகல் என்று புரிய இருபது நிமிடம்,
நடுவே ஆறாம் அறைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

0.2466.
ஒருவர் மேலும் தப்பில்லாமலே
நாலு ஆண்டுக்கு ஓராண்டு இந்த அளவு ஏறுமாறு வரும்.
இரவைக் குற்றவாளி என்று சொல்ல வழியில்லை.
நிரபராதி என்றும் அது சொல்லவில்லை.
கையை விரிக்கிறது, அவ்வளவுதான்.

தமிழில் இதற்குக் கை வர்க்கச் சோதனை என்று பெயர்.
ஏதோ கிரேக்க எழுத்து, எங்கள் பாடநூலில் கையாகிவிட்டது.
ரிஸ்தினுக்கு இது தெரிய நியாயமில்லை.

அவள் நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தாமல் காலை மாலை இரவை அழித்துவிட்டு
சூரியன் வராத அறுபது நாள், வந்த மற்ற நாள்
என்று இரண்டே கட்டம் போட்டாள்.
இருட்டு அறுபதில் பதின்மூன்று.
எதிர்பார்த்தது ஏழு புள்ளி நான்கு:
ஏழு பேர் முழுசாக விழ,
எட்டாமவர் பாதிக்கும் கொஞ்சம் முன்னாலேயே
சாய்ந்தபடி நிற்கிறார், காற்றில்.

0.024.
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.
ஹால்டிஸின் மேசையில் இதை வைக்கலாம்,
கூடத்துக்கு இன்னும் நாலு விளக்கு கேட்கலாம்.
ஆனால் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டால்
ஏதாவது ஒன்றுக்குச் சின்ன எண் வந்தே தீரும்,
அதையும் அதே உதவிப் பக்கம்
கடைசியில், சிறிய எழுத்தில் சொல்லியிருந்தது.
இன்னொன்றும் இருந்தது அதற்குக் கீழே:
ஒவ்வொரு நிகழ்வும் தனித்தனி என்று கொள்க.

ஆர்னுல்ஃப் நான்கு முறை விழுந்தார்.
நான்கும் இரவில், நான்கும் ஆறாம் அறையில்,
மூன்று முறை அதே இடுப்பில்.
எதைத் தனி என்று கொள்வது?

மணி அடிக்கிறது. ஆறு.
இடம் வலம் மாறிய செருப்போடு
கட்டிலின் ஓரத்தில் பாதி எழுந்திருக்கிறார்.
வண்டி நிறுத்தத்தில் மான்கள் வந்திருக்கிறதா பார்க்கவேண்டுமாம்.
"கலைமான் எல்லாம் மே மாதம்தான்" என்கிறாள்,
"இப்போது உள்நாட்டில், என் சித்தப்பா மகன்களோடு."
சொல்லும்போதே அவருடைய அக்குளுக்கடியில் அவள் கை.
கனம் ஒரு கணம் முழுக்க அவள் மேல் சாய்ந்து,
யோசித்து,
மெத்தைக்குத் திரும்புகிறது.

படிவத்தில் எழுத ஒன்றும் இல்லை.
விழுந்தால்தான் படிவம்.

திரும்பி வந்தால் திரை பூட்டிக்கொண்டிருக்கிறது,
கடவுச்சொல் கேட்கிறது.
தப்பாக அடிக்கிறாள், மறுபடியும் தப்பு.
உள்ளங்கையில் இன்னும் ஃபிளானல் சட்டையின் சூடு.