பகரம், மகரம்

மருதானைக் கூடாரத்தில்
பத்துச் சதப் பெஞ்சு என்னுடையது.
ஆர்மோனியக்காரன் வாசிப்பது எனக்குத் தேவையில்லை.
ஐந்து வயதுக் காய்ச்சல்
காதிரண்டையும் கழுவிவிட்டுப் போயிருந்தது.

ஜம்பட்டா வீதி அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்ப்பவன்.
படத்தின் நடுநடுவே வரும் அட்டைகளும்
என் கைவேலைதான்.
'நாதா! இப்பாவியை மன்னித்தருள்வீர்!!'
மூன்றாவது ஆச்சரியக்குறி எங்கள் பெட்டியில் இல்லை.

அட்டை மறைய அவள் முகம் வரும்.
கண்ணீர் வழிய, கைகூப்பி,
உதடு சொல்லும்:
'துவான், விளக்கப் பின்னுக்கு எடு, மூஞ்சி எரியுது.'

கூடாரமே மூக்கைச் சிந்தியது.
நான் சிரித்தேன்.
முன்னால் இருந்தவன் திரும்பி முறைத்தான்.

பிறகு விடவில்லை, ஒரே படம் ஒன்பது தடவை.
முகத்துவாரக் கடலில் விழப்போகிறவள்
'சுத்து, நிப்பாட்டாத, பெரிய அலை வரட்டும்' என்கிறாள்.
மணவறையில் நாணித் தலைகுனிந்து
மாப்பிள்ளையிடம், 'வலது கால். வலது!'
செத்துக் கிடக்கையிலும் உதட்டோரம் அசைகிறது:
'போதும்.'

நோட்டீசில் மட்டும்
டைரக்‌ஷன்: ஸ்ரீமான் மேர்வின் அல்விஸ்.
முதல்போட்டவர். ஒரு காட்சியில் வருகிறார்,
குதிரை வண்டியில். தொப்பி பறந்துவிடுகிறது.

நாலாவது படத்துக்கு
அல்விஸைக் கலைத்துப் பெட்டியில் போட்டேன்.
ஊருக்கு அவள் மிஸ் மரகதம்.
சொந்தப் பேரைத் திரையில்தான் பிடித்தேன்,
போலீஸ்காரன் கேட்க
அட்டை 'அபலை' என்றது, உதடு வேறொன்று சொன்னது.
அனஸ்தாசியா அசரம்மா என்று கோர்த்தேன்.
ஐந்நூறு பிரதி, டிராம் போகிற தெருவெல்லாம்.
எனக்கு இரண்டு கிழமைச் சம்பளம் வெட்டு.

பேசும்படம் வந்தது.
நடிகர்கள் பக்கவாட்டில் நின்று
பூச்சாடி ஒன்றோடு கதைத்தார்கள்.
அட்டை இல்லை, எனக்கங்கே வேலையுமில்லை.
அவளுக்கும் இல்லை, குரல் கரகரப்பாம்.
நான் எப்படி அறிவேன்?

ஒரு மழைநாள் அச்சகத்துக்கு வந்தாள்.
துண்டுக் காகிதம் நீட்டினாள்:
'கேமரா ஒன்று, முக்காலியுடன், விற்பனைக்கு.'
பிறகு கைப்பையிலிருந்து
நாலாய் மடித்த அந்த நோட்டீஸ்.
பேரில் விரலை வைத்து, வாயை அகலத் திறந்து
எனக்காக மெதுவாகச் சொன்னாள்.
அம்மா.
தலையாட்டி மறுத்து மறுபடியும் சொன்னாள்.
அம்மா என்றே தெரிந்தது.

என் பென்சிலைப் பிடுங்கி எழுதினாள்: அசரப்பா.
மை படிந்த என் விரலை எடுத்துத்
தன் மூக்கின் மேல் வைத்தாள்.
அம்மா, நடுங்கியது.
அப்பா, சும்மா இருந்தது.
மூன்று தடவை செய்வித்தாள்,
சரியாக வரும்வரை விடாதவள்.

கேமரா விளம்பரத்தைப் பிழையில்லாமல் கோர்த்தேன்.
அவளோ
மூக்கில் என் மையோடு
கிராண்ட்பாஸ் டிராமில் ஏறிப் போய்விட்டாள்.
பின்னால் ஓடி
என்னவென்று கூப்பிடுவது?